வெள்ளைக் கல்லைக் கொத்தும் மீன்

என் தங்கை சண்முகத்தாய் அன்றைக்குத் தன் கையாலேயே சோறு போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு ஒன்பதாம் மாதம். ஒரு வாரமாக எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மூன்று வேளையும் நான்தான் பரிமாறுவேன். அன்று நான் அகப்பையை எடுத்ததும், "இருக்கட்டும்க்கா, நானே போட்டுக்கிடுதேன்" என்று கைநீட்டி வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது காம்பின் நுனியைப் பிடித்தாள். என் விரல்மேல் விரல் படாமல் பிடித்ததாக எனக்குப் பட்டது. வேண்டுமென்றே அப்படிப் பிடித்தாளா, தற்செயலாக அமைந்ததா என்று அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு ரசம் ஊற்றப் போனேன். கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

அன்று காலையில்தான் தொட்டியில் மீன் செத்துக் கிடந்தது. அது நான்காவது மீன்.

தொட்டி எங்கள் மில்லர்புரம் வீட்டின் முன்னறையில் இருந்தது. புதுத் துறைமுகம் திறந்த மறுவருஷம் அதை வாங்கினோம். எனக்கு இரண்டாவது தடவையும் ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்து, பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த காலம் அது. என் கணவர் சிவனணைந்தபெருமாள் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்த்தார். தன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த வில்பிரட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

வில்பிரட்டுக்குச் சொந்த ஊர் புன்னைக்காயல். பழைய துறைமுகத்துக்குப் பின்னால் சங்கும் சிப்பியும் விற்கிற கடை வைத்திருந்தார். சில வருஷங்களாக உயிர் மீனும் விற்றார். தீவுகளை ஒட்டி முங்குகிறவர்களிடம் வாங்கி, பிளாஸ்டிக் பையில் கடல்தண்ணீரும் காற்றும் அடைத்து, மெட்ராஸுக்கு ரயிலில் அனுப்புவார். அந்தப் பார்சல்களைப் பதிவுசெய்து கொடுப்பவர் என் கணவர். உள்ளூரிலும் வசதியான வீடுகள் சிலவற்றில் வில்பிரட் தொட்டி வைத்துக் கொடுத்திருந்தார்.

எங்கள் தொட்டியில் அவரே மணலைப் பரப்பினார். அதன்மேல் கிளைகிளையாகப் பிரிந்த ஒரு பவளக்கல்லை வைத்தார். எங்கள் பக்கத்தில் அதை முருகைக்கல் என்பார்கள். பால்போல வெள்ளையாக இருந்தது. பிறகு இரண்டு டின்களைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்றில் மண்நிறத்தில் ஒரு தடித்த மீன். எதையும் தின்னும், கிடந்து பிழைக்கும் என்றார். மற்றதில் வண்ணாத்தி மீன். உள்ளங்கை அகலம், தட்டை உடம்பு, மஞ்சளில் ஊதாக் கோடுகள், கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை. நான் எதைக் கேட்பேன் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மண்நிற மீன் இருந்த டின்னின் மூடியை அவர் பாதிதான் திறந்தார் என்பது எனக்குப் பிற்பாடு நினைவுக்கு வந்தது.

வண்ணாத்தி வந்த பிறகு நான் எழுந்து உட்கார்ந்தேன். அதற்காகக் கூனி இறால் வாங்கி நசுக்கிப் போட்டேன். அது வாயில் வாங்கும், உடனே துப்பும். பிறகு போய் அந்த வெள்ளைக் கல்லைக் கொத்தும். கிளை கிளையாக, மேலிருந்து கீழாக, ஒரு இடம் விடாமல் கொத்தும். அது விளையாடுகிறது என்று நினைத்து நாற்காலியை இழுத்துப்போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாவது வாரம் தலைக்குப் பின்னால் முதுகு கத்தி போல மெலிந்தது. ஒருநாள் காலையில் மணலில் சாய்ந்து கிடந்தது.

வில்பிரட் வந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். காற்று மோட்டாரில் காதை வைத்துக் கேட்டார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு, சில கைக்குச் சில உயிர் ஒத்துவராது, மனசில் போட்டுக்கொள்ள வேண்டாம், அடுத்தது நல்லதாகப் பார்த்துக் கொண்டுவருகிறேன் என்றார். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள்.

இரண்டாவது மீனும் செத்தது. மூன்றாவதும். எங்கள் தெருவில் எனக்குக் கைராசி இல்லை என்பது முடிவாகிவிட்டது. பக்கத்து வீட்டில் கருவேப்பிலைக் கன்று நட என்னையும் கூப்பிட்டவர்கள், கடைசியில் குழியை மட்டும் தோண்டச் சொன்னார்கள். யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. நானே என் கையைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். இரண்டு பிள்ளைகள் தங்காத வயிற்றையும் இந்தக் கையையும் சேர்த்து யோசித்தேன். தயிர் உறைகிறதா என்று காலையில் எழுந்ததும் பார்ப்பேன். உறைந்திருக்கும். அதை நம்பமாட்டேன். முந்தின நாள் பால் காய்ச்சியது நானா வேலைக்காரியா என்று கணக்குப் பார்ப்பேன்.

பிறகு மற்றவர்களைச் சந்தேகித்தேன். தொட்டியைத் துடைக்கும் வேலைக்காரி சோப்புக் கையை உள்ளே விடுகிறாளோ என்று கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உப்பு லாரிகளின் புகையோ என்று ஜன்னலைச் சாத்தி வைத்தேன்.

நான்காவது மீன் வந்த மறுநாள் சண்முகத்தாய் வந்தாள். எங்கள் அம்மா உயிரோடு இல்லாததால் தலைப்பிரசவத்துக்கு அக்கா வீடுதான் தாய்வீடு. அவள் புருஷன் பம்பாயில் கடை வைத்திருந்தான். அவளை ஆறுமுகநேரியிலிருந்து கொண்டுவந்து விட்டது அவளுடைய மாமியார் சுடலைமாடத்தி அத்தை. கல்யாணமான நாளிலிருந்து சண்முகத்தாய் சொல்லிவந்த ஒன்று உண்டு. தன் பிள்ளைக்குச் சேனை வைப்பது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித்தண்ணீரைத் தொட்டு வைப்பதைத்தான் சேனை வைப்பது என்கிறோம். வைக்கிறவருடைய குணமும் ராசியும் பிள்ளைக்கு ஒட்டும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. என் வீட்டில் பிள்ளை இல்லை. அவள் பிள்ளையின் நாக்கில் என் விரல் முதலில் படப்போகிறது என்ற நினைப்பில்தான் அந்த மாதங்களை நான் தள்ளிக்கொண்டிருந்தேன்.

சுடலைமாடத்தி அத்தை காபி குடித்துக்கொண்டே தொட்டியைப் பார்த்தாள். அதற்குள் வேலைக்காரி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் போல.

"இது எத்தனையாவது தாயி?" என்றாள்.

நான் சொன்னேன்.

"சரி. புள்ள பொறக்க மட்டும் இது கெடந்துட்டுன்னா நீயே சேனை வை. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இல்லன்னா என் மூத்த மருமவ வைக்கட்டும். மூணு ஆம்பளப் புள்ளையளப் பெத்தவா. மனசுல வச்சிக்கிடாத, என்ன?"

கோபமாகச் சொல்லவில்லை. நல்லெண்ணெய் விலை பேசுவது போலத்தான் சொன்னாள். என் கணவர் அங்கேயே உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். சண்முகத்தாய் என்னைப் பார்க்காமல் மீனைப் பார்த்தாள்.

அதன்பின் அந்தத் தொட்டிக்குள் நான் கை விடவே இல்லை. இறாலை என் கணவர் போட்டார். வில்பிரட் கொண்டுவந்து தரும் கடல்தண்ணீரை வேலைக்காரி மாற்றினாள். நான் தூரத்தில் நின்றேன். மீன் கல்லைக் கொத்தியது, மெலிந்தது, ஒரு வாரத்தில் செத்தது. கைதான் படவில்லையே என்று நான் சொல்லலாம். பார்வை பட்டது என்பார்கள். சண்முகத்தாய் சோறு போட்டுக்கொண்டது அந்தப் பகலில்தான்.

அன்று சாயங்காலம் அவளை நடக்கக் கூட்டிப் போனேன். நடந்தால் பிரசவம் சுலபமாகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சுண்ணாம்புக் காளவாசல் பக்கம் போனபோது கடற்கரையிலிருந்து மாட்டு வண்டிகள் முருகைக்கல் ஏற்றிக்கொண்டு எதிரே வந்தன. சுண்ணாம்பு சுடுவதற்கு அந்தக் கல்லைத்தான் கடலிலிருந்து எடுக்கிறார்கள். நான் தேரிக்காட்டுச் செம்மணலில் பிறந்தவள். அந்தக் கல்லை வெள்ளையாகக் காய்ந்த குவியலாகத்தான் பார்த்திருக்கிறேன். வண்டியில் வந்தது அன்று காலையில் எடுத்தது. தவிட்டு நிறத்திலும் பச்சையிலும் கொழகொழவென்று இருந்தது. அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டு வந்தது.

சண்முகத்தாய் முந்தானையால் மூக்கை மூடினாள். செத்த மீன் மாதிரி நாறுகிறதே என்றாள்.

நான் நின்றுவிட்டேன். கல் எப்படி நாறும்? நாறுகிறது என்றால் அதில் அழுகுவதற்கு ஏதோ இருக்கிறது. அழுகுகிறது என்றால் காலையில் அது உயிரோடு இருந்திருக்கிறது. காளவாசல் ஓரத்தில் பழைய குவியல் கிடந்தது. வெயிலில் காய்ந்து வெளுத்து, வாசமே இல்லாமல், எங்கள் தொட்டியில் இருந்த கல்லைப் போலவே இருந்தது. அது எலும்பு. எங்கள் வீட்டு மீன் எலும்பைக் கொத்திக்கொண்டிருந்தது. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை ரசித்தேன்.

மறுநாள் காலையில் சண்முகத்தாயையும் அழைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் வில்பிரட் கடைக்குப் போனேன். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை. அவள் காதால் கேட்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

கடையில் வில்பிரட் இல்லை. அவர் மனைவி ஆக்னஸ் இருந்தாள். என்னை அவளுக்குக் கொஞ்சம் தெரியும். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்ததும் பின்னறையில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னாள். அங்கே வரிசையாகச் சிமெண்ட் தொட்டிகள் இருந்தன. ஒன்றில் நாலைந்து வண்ணாத்திகள். அவற்றுக்கு நடுவே ஒரு முருகைக்கல். தவிட்டு நிறக் கல். ஆக்னஸ் அதை வெளியே எடுத்துவிட்டு, வாளியிலிருந்த புதுக் கல்லொன்றை உள்ளே வைத்தாள். மீன்கள் நான்கு பக்கமிருந்தும் வந்து மொய்த்தன. எங்கள் வீட்டில் கொத்திய அதே கொத்துத்தான். ஆனால் இங்கே துப்பவில்லை.

கல்லை எதற்கு மாற்றுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்குத் தீனியே அதுதானக்கா. ரெண்டு நாளைக்கு ஒருக்க மாத்தணும். இல்லன்னா விக்கதுக்கு முன்னாலேயே செத்துரும்லா" என்றாள். யாருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, எடுத்த கல்லை முற்றத்தில் எறிந்தாள். அங்கே வெளுத்துக்கொண்டிருந்த கற்கள் நிறையக் கிடந்தன. காய்ந்ததும் அவைதான் விற்பனைக்குப் போகும் போலிருக்கிறது.

நான் சண்முகத்தாயைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வில்பிரட் வந்ததும் என் முகத்தையும் தொட்டியையும் பார்த்தார். ஆக்னஸைக் கடையைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். நான் அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு இந்தக் கல்லை ஏன் தரவில்லை, வெள்ளைக் கல்லை ஏன் தந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

உயிர்க்கல் கண்ணாடித் தொட்டியில் இரண்டு நாள் தாங்காது, தண்ணீரே நாறிப்போகும் என்றார். மெட்ராஸிலும் இதே கதைதான், எந்த வீட்டிலும் இந்த மீன் நிற்காது என்றார். மறைக்கவில்லை. கேட்டதும் சொன்னார். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"அப்பம் எதுக்கு விக்கியோ?"

"நான் என்ன செய்ய, தங்கச்சி? சாகும்னு சொன்னா வாங்க வாரவன், சரி, சாகாம அழகா இருக்கது ஒண்ணு குடுங்கான். அப்படி ஒண்ணு கடல்ல கெடந்தா நான் தரமாட்டனா? மண்ணு மாதிரி இருக்கத யாரு வாங்குதா? நீங்க வாங்குனியளா?"

"எங் கைக்கு ஒத்துவரலன்னு சொன்னியளே அண்ணே."

"உங்க கைன்னா சொன்னேன்? சில கைக்குன்னேன்." அவர் சிரிக்கப் பார்த்தார். சண்முகத்தாயின் வயிற்றைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சேனை விஷயத்தைச் சொன்னேன். சுடலைமாடத்தி அத்தை மீனை வைத்துப் போட்ட நிபந்தனையையும் சொன்னேன். வீட்டுக்கு வந்து, என் தங்கையின் மாமியார் முன்னால் இப்போது சொன்னதையே சொல்ல வேண்டும் என்றேன். அவர் வெகுநேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அவர் என்ன யோசித்தார் என்பது எனக்குத் தெரிந்தது. ஒரு மாமியாரிடம் சொன்னால் ஆறுமுகநேரி பஸ்ஸில் சொன்ன மாதிரி. ஊரில் இருக்கிற தொட்டிக்காரர்கள் எல்லோரும் கேள்வி கேட்பார்கள்.

"அதுக்கு ஏன் அம்புட்டுத் தூரம் போகணும்?" என்றார் கடைசியில். "இன்னைக்கே ஒண்ணு தாறேன். அதே மஞ்ச, அதே கோடு. அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போவுது? புள்ள பொறக்க மட்டும் தாராளமாக் கெடக்கும். எடையில செத்தா இன்னொண்ணு தாறேன். சும்மாத் தாறேன், தங்கச்சி. உங்க கையும் நல்ல கைன்னு ஆயிரும், எம் பொழப்பும் கெடாது."

உண்மையைச் சொன்னால், நான் உடனே மறுக்கவில்லை. பையில் பிடிக்கலாமா டின்னில் பிடிக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? இத்தனை நாள் என்மேல் இருந்த பொய்யை இன்னொரு பொய் வந்து அழித்துவிடும். தொட்டியில் வண்ணாத்தி ஒன்று புதுக் கல்லின் கிளைக்குள் தலையை விட்டுக் கொத்திக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்து உருண்டையாக இருந்தது. அதை எடுத்துப் போய் என் முன்னறையில் வைத்து, அது முதுகு மெலிவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டு, பிள்ளை முந்துமா இது முந்துமா என்று நான் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து ஜெயித்த விரலைத்தான் பிள்ளையின் நாக்கில் வைக்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

ரிக்‌ஷாவில் சண்முகத்தாய் வயிற்றில் கை வைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வ.உ.சி. கல்லூரி தாண்டியதும், "வாங்கிட்டு வந்திருக்கலாம்லாக்கா" என்றாள்.

"நீதான் கேட்டியே, அது எதனால சாவுதுன்னு."

"கேட்டேன். அத்தைக்கு நான் எப்படிச் சொல்லுவேன்? மீனு இருந்தா ஒரு பேச்சும் இல்ல."

அத்தைக்காகச் சொல்கிறாளா, அவளுக்காகவே சொல்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் காதால் கேட்ட பிறகும், தொட்டியில் ஒரு மீன் நீந்தினால்தான் அவளுக்கும் நிம்மதி வருமோ? நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன்.

சாயங்காலம் என் கணவர் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அந்த மீனு உயிரோட இருக்க முருகைக்கல்லத்தான் தின்னுமாம்" என்றேன்.

அவர் கை பொத்தானில் நின்றது. "யாரு சொன்னா?" என்றார்.

தெரியாதவர் 'அப்படியா' என்று கேட்பார். யார் சொன்னது என்று கேட்பவர், சொல்லக்கூடியவர்களின் வரிசையை மனதில் ஓட்டிப் பார்க்கிறவர். பதினொரு வருஷம் கூட வாழ்ந்தவரின் முகத்தை அன்றைக்குத்தான் ஒரு கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். குளிக்கப் போகிறேன் என்றார். கதவை மறித்து நின்று மறுபடி கேட்டேன். இரண்டாவது மீன் செத்த சமயத்தில் என்றார். பார்சல் ஆபீசில் பேசிக்கொண்டிருந்தபோது வில்பிரட் சொன்னாராம். மெட்ராஸ்காரர்கள் மாதம் தவறாமல் கேட்கிறார்கள், செத்தால் தங்கள் தப்பு என்றே நினைத்துக்கொள்கிறார்கள், அதனால் யாவாரம் நிற்பதில்லை என்று. இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். சிரித்ததையும் அவரே சொன்னார்.

"அத்தை அங்கன இருந்து அப்படிச் சொன்னாவளே. நீங்க பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தியளே."

"எனக்குக் கைராசியிலயெல்லாம் நம்பிக்கை கெடையாதுன்னு உனக்குத் தெரியாதா? நான் ஒரு நாளாவது உன் கையச் சொல்லியிருக்கனா?"

சொன்னதில்லை. அது நிஜம்தான். அவர் நம்பாததால், நம்புகிறவர்கள் நடுவில் நான் பட்டது அவருக்கு ஒன்றுமாகத் தெரியவில்லை. தொட்டி வந்த பிறகு நான் எழுந்து உட்கார்ந்தேன், சொன்னால் தொட்டியை எடுத்துவிடுவேன் என்று நினைத்ததாகச் சொன்னார். இருக்கலாம். வில்பிரட் பார்சலுக்குக் கொடுக்கும் சில்லறையும் காரணமாக இருக்கலாம். இன்னொன்றும் எனக்குத் தோன்றியது. குற்றம் என் கையில் இருக்கும்வரை, எங்களுக்குப் பிள்ளை ஏன் தங்கவில்லை என்று யாரும் அவர் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இதை அவர் யோசித்தே செய்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒருமுறை சந்தேகம் நுழைந்துவிட்டால் அது எந்த அறையையும் விட்டுவைப்பதில்லை.

அத்தை வரும்போது இதை அவளிடம் சொல்லுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார்.

இரண்டு வாரம் கழித்து விடியும்போது சண்முகத்தாய்க்கு வலி எடுத்தது. டாக்டரம்மாவின் நர்சிங் ஹோம் எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். கைராசிக்கார டாக்டர் என்று அவருக்கு வேம்பார் வரைக்கும் பெயர். சொல்லியனுப்பியதும் சுடலைமாடத்தி அத்தை மூத்த மருமகளோடு மத்தியானத்துக்குள் வந்துவிட்டாள். மருமகள் தலைகுளித்து, வெங்கல டம்ளரும் சீனிப் பொட்டலமுமாக வந்திருந்தாள். வீட்டுத் தொட்டியில் மீன் இருக்கிறதா என்று அத்தை என்னிடம் கேட்கவில்லை. சண்முகத்தாய் எழுதியிருப்பாள், அல்லது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். என் கணவர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார். அத்தைக்குக் காபி வாங்கி வந்தார், மின்விசிறியைக் கூட்டி வைத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. நான் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.

காத்திருக்கும் கூடத்தில் சுவரோரமாக ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. போன மாதம் அது அங்கே இல்லை. வெள்ளைக் கல், மணல், காற்றுக் குமிழிகள். இரண்டு வண்ணாத்திகள் இருந்தன. ஒன்று கல்லைக் கொத்திக்கொண்டிருந்தது. மற்றது மணலில் பக்கவாட்டில் கிடந்தது. அதன் செவுள் மட்டும் எப்போதாவது ஒருமுறை திறந்தது. நான் கடைக்குப் போய்க் கேட்ட பிறகும் வில்பிரட் வழக்கம்போலத்தான் விற்றுக்கொண்டிருந்தார்.

சுடலைமாடத்தி அத்தையும் அதைப் பார்த்தாள். கொஞ்சம் குனிந்து பார்த்தாள்.

"தண்ணி சரியில்ல போலுக்கு" என்றாள் மருமகளிடம்.

என் வீட்டில் செத்தால் கை. இங்கே செத்தால் தண்ணீர். அவள் கபடமாகச் சொல்லவில்லை. உள்ளே அந்த டாக்டரம்மாவின் கையில்தான் அவள் பேரப்பிள்ளையே இருக்கிறது. அந்தக் கையைச் சந்தேகிக்க அவளுக்கு வழியில்லை. அதனால் தண்ணீர்.

"எங்க வீட்டுக்கு வாரதும் இதே தண்ணிதான் அத்தை. வில்பிரட் ஒரே ஆளுதான் கொண்டாந்து தாறாரு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மருமகள் டம்ளரை மடியில் திருப்பித் திருப்பி வைத்தாள்.

அப்போது உள்ளே பிள்ளை அழுத சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவே கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஆண் பிள்ளை, தாயும் நன்றாக இருக்கிறாள் என்றார். அத்தை அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திரும்பிப் போகும் வழியில் டாக்டரம்மா தொட்டியைக் கவனித்து, ஆயாவைக் கூப்பிட்டார். செத்ததை எடுத்துப் போடச் சொன்னார். வில்பிரட்டிடம் இன்னும் இரண்டு கொண்டுவரச் சொல்லச் சொன்னார்.

"வாங்காதிய டாக்டர்" என்றேன்.

அவர் நின்றார். நான் சொல்லத் தொடங்கிவிட்டேன். அது உயிர்க்கல்லை மட்டும்தான் தின்னும், இந்தக் கல் வெறும் எலும்பு, அது விளையாடவில்லை, இல்லாத தீனியைத் தேடுகிறது, யார் வைத்தாலும் எந்த வீட்டில் வைத்தாலும் சாகும், விற்கிறவருக்கு இது தெரியும். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. என் கையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுகிறேன் என்று அத்தை நினைப்பாள் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை.

டாக்டரம்மா கொத்திக்கொண்டிருந்த மீனைக் குனிந்து பார்த்தார். "இது நெஜமா?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. என் கணவரிடம் கேட்டார்.

"ஆமா டாக்டர்" என்றார் அவர். "நிக்காது. மெட்ராஸ்லயும் நிக்கல. எனக்குத் தெரியும்."

இவ்வளவு லேசாக வந்துவிட்டது. எனக்காகச் சொல்லாததை டாக்டரம்மாவுக்காகச் சொன்னார். ஒரு டாக்டர் கேட்டால் பொய் சொல்ல முடியாது என்று இருந்திருக்கும் போல. அத்தை அவரை ஒருமுறை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அன்று எங்கள் வீட்டு முன்னறையில் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது அவளுக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

இருக்கிற ஒன்றையும் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்று ஆயாவிடம் சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார். அது கடலுக்குத்தான் போகும் என்பது என்ன நிச்சயம்? மெட்ராஸ் பார்சலில் போகும். நான் அதைச் சொல்வதற்குள் நர்ஸ் வந்து, பிள்ளைக்கு யார் சேனை வைக்கப்போவது, சீக்கிரம் வாருங்கள் என்றாள்.

மூத்த மருமகள் எழுந்தாள். அத்தை அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். வாங்கி, ஒரு நிமிஷம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் நீட்டினாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. "போ தாயி. டாக்டரம்மாவே நீ சொன்னதக் கேட்டுட்டாவல்லா" என்றாள்.

அதைக் கேட்டதும் டம்ளர் கனத்தது. என் கை சுத்தமானது இன்னொரு கையின் சிபாரிசில். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

சண்முகத்தாய் சுவரோரம் சாய்ந்து கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. பிள்ளை துணிச்சுருளுக்குள் முகம் சிவந்து அழுதுகொண்டிருந்தது. நான் சீனித்தண்ணீரில் விரலை நனைத்தேன். நனைத்த பிறகும் நீட்ட முடியவில்லை. மீன் எதனால் செத்தது என்று எனக்குத் தெரியும். கடைக்குப் போய் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் விரல் அந்த மாதங்களை மறக்கவில்லை.

"சமுத்தாயி," என்றேன். "எங் கைய நீ நம்புதியா?"

அவள் என்னைப் பார்த்தாள். அகப்பையை நுனியில் வாங்கிய அன்றைக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எனக்கு வேண்டிய பதிலைச் சொல்லிவிடுவாளோ என்று இருந்தது. சொல்லியிருந்தால் நான் அதையும் நம்பியிருக்கமாட்டேன்.

"தெரியலக்கா" என்றாள். "நீ வை. புள்ள அழுவுதான்."

நான் குனிந்து வைத்தேன். அழுகை நின்றது. பல்லில்லாத ஈறு விரலைக் கவ்விக்கொண்டு இழுத்தது. இவ்வளவு சின்ன வாய்க்குள் இவ்வளவு சூடும் பலமும் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. நர்ஸ் போதும் என்றாள். அவன் விடவில்லை. கதவருகே என் கணவர் வந்து நிற்பது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. உள்ளே வரலாமா என்று கேட்டார்.

நான் திரும்பாமல், "கொஞ்சம் வெளியில இருங்க" என்றேன்.